பேதுரு படிக்காதவர்தானே? விசுவாசத்தில் கற்பதும் கற்பிப்பதும் எதற்கு

ஜூன் 3, கேள்வி

அக்கா, நேராகவே கேட்கிறேன். பேதுருவும் யோவானும் படிப்பறியாதவர்கள் என்று அப்போஸ்தலர் 4:13-லேயே இருக்கிறது. "ஒருவரும் உங்களுக்குப் போதிக்கவேண்டுவதில்லை" என்று 1 யோவான் 2:27 சொல்கிறது. அப்புறம் எதற்கு ஞாயிறு பள்ளி, வேதபாட வகுப்பு, வினாவிடை, பரீட்சை? சின்ன வயதில் மனப்பாடம் செய்து பரிசும் வாங்கியவன் நான். இன்று அதில் ஒன்றும் மிச்சமில்லை. ஆண்டவரை நேசித்தால் போதாதா?

ஜூன் 3, இரவு

தம்பி, அந்த 4:13-ஐக் கடைசிவரை படி. படிப்பறியாதவர்கள் என்று ஆச்சரியப்பட்ட ஆலோசனைச் சங்கத்தார், அதே மூச்சில் "அவர்கள் இயேசுவுடனேகூட இருந்தவர்களென்று" அறிந்துகொண்டார்கள். பேதுருவிடம் அவர்கள் கண்ட குறை, பெரிய போதகர் எவரிடமும் முறையாகப் பயிலவில்லை என்பது. ஆனால் அவர் வருஷக்கணக்கில் ஒரு போதகரோடு சாப்பிட்டு, நடந்து, திட்டு வாங்கி, கேள்வி கேட்டுப் பயின்றவர். பெந்தெகொஸ்தே நாளில் அவர் பேசியதைப் பார். யோவேல் தீர்க்கதரிசியை எடுக்கிறார், 16ஆம் சங்கீதத்தை எடுக்கிறார், 110-ஐ எடுக்கிறார். எதையும் கற்காதவர் பேசுகிற பேச்சா அது?

யோவான் சொன்னதற்கு நாளை வருகிறேன்.

ஜூன் 4

1 யோவான் 2:27. அதற்கு முந்தின வசனத்திலேயே காரணம் இருக்கிறது: "உங்களை வஞ்சிக்கிறவர்களைக்குறித்து" எழுதுகிறேன் என்கிறார். புது ரகசியம் ஒன்று எங்களிடம் இருக்கிறது, அது இல்லாமல் நீங்கள் குறைவுள்ளவர்கள் என்று யாரோ அந்தச் சபையை மிரட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு எதிராகத்தான் இந்த வார்த்தை. 24ஆம் வசனத்தில் "ஆதிமுதல் நீங்கள் கேள்விப்பட்டது" உங்களில் நிலைத்திருக்கட்டும் என்கிறார். யாரோ ஒருவர் சொல்லாமல் அவர்கள் கேள்விப்பட்டிருக்க முடியாது. இந்த நிருபமே ஒரு பாடம்தான். போதனையே வேண்டாம் என்று நினைத்தவர் ஐந்து அதிகாரம் எழுத மாட்டார்.

இது வசனத்தை வைத்து வசனத்துக்குச் சொல்லும் பதில். உன் கேள்வியின் பாரம் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். "பரிசு வாங்கினேன், ஒன்றும் மிச்சமில்லை" என்றாயே, அந்த இடத்தில்.

ஜூன் 4, மாலை

நான் பல வருஷமாக ஞாயிறு பள்ளியில் கற்பிக்கிறேன். திடப்படுத்தல் வகுப்பும், அதாவது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட ஆயத்தமாகும் வகுப்பும், எடுக்கிறேன். நீ சொல்வது போன்ற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வார்கள், பதினெட்டு வயதில் காணாமல் போவார்கள். பதிலே தெரியாமல் முழித்த ஒரு பையன் இன்றைக்கும் வருகிறான். வயசானவர்களைக் கைபிடித்துக் கொண்டுபோய் உட்காரவைக்கிறான். அப்படியானால் வகுப்பால் பயனில்லை என்று சொல்லிவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாங்கள் எதைச் சோதித்தோம், எதைச் சோதிக்காமல் விட்டோம் என்று பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

ஆதிச் சபை எதைச் சோதித்தது தெரியுமா? 'அப்போஸ்தலிக்கப் பாரம்பரியம்' என்று ஒரு பழைய சபை ஒழுங்கு நூல் உண்டு. ஞானஸ்நானத்துக்கு முன் மூன்று வருஷம் கற்க வேண்டும் என்கிறது. கூடவே, ஒருவர் ஊக்கமாய் இருந்தால் காலத்தைப் பார்க்கவேண்டாம், நடத்தையைப் பாருங்கள் என்றும் சொல்கிறது. கடைசியில் கேட்கும் கேள்விகள்: விதவைகளை மதித்தார்களா? நோயாளிகளைப் போய்ப் பார்த்தார்களா? நற்செயல்களைச் செய்தார்களா? அழைத்துவந்தவர்கள் ஆம் என்று சாட்சி சொன்னால்தான் அடுத்த கட்டம். மூன்று வருஷப் படிப்புக்குப் பரீட்சைத்தாள் அது. இதைப் படித்த அன்று எங்கள் வினாத்தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன்.

அதே நூலில் இன்னொரு சின்ன விஷயம், எனக்குப் பிடித்தது. எந்தத் தொழில் செய்பவர் கற்க வரலாம், எவர் தொழிலை விட்டுவிட்டு வரவேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பிள்ளைகளுக்கு உலகப் பாடம் சொல்லித்தருகிறவர் அதை விட்டுவிடுவது நல்லது. வேறு தொழில் தெரியாவிட்டால் இருக்கட்டும், அனுமதியுங்கள் என்கிறது. கண்டிப்பு நிறைந்த நூலுக்குள் இப்படி ஒரு இரக்கம்.

ஜூன் 6

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "அப்படியானால் நடத்தை போதும், உபதேசம் எதற்கு? நல்லவராக இருக்க வேதபாடம் தேவையில்லையே."

நல்ல கேள்வி. உபாகமம் 6-இல் 7ஆம் வசனம் எல்லாருக்கும் தெரியும், பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதி என்பது. 20, 21 வசனங்களை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்தக் கட்டளைகள் எல்லாம் என்ன என்று நாளைக்கு உன் மகன் கேட்டால் என்ன சொல்ல வேண்டும்? கட்டளைக்கு விளக்கம் சொல் என்று அங்கே இல்லை. "நாங்கள் எகிப்தில் பார்வோனுக்கு அடிமைகளாயிருந்தோம்" என்று ஆரம்பி என்கிறது. பிள்ளை சட்டத்தைக் கேட்கிறான், தகப்பன் விடுதலையின் கதையைச் சொல்கிறான். யாத்திராகமம் 12-இல் பஸ்காவைப் பற்றியும் இதே வழிதான். யோசுவா 4-இல் யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை நிறுத்தியதற்கும் இதே காரணம்: பிள்ளைகள் கேட்க வேண்டும், கேட்டால் கதை சொல்ல வேண்டும்.

எனவே சகோதரிக்கு என் பதில்: நல்லவளாக இரு என்பது மட்டுமே பாடம் என்றால் பிள்ளை களைத்துப்போவாள். அவளை ஒருவர் முதலில் நேசித்தார், மீட்டார் என்று அவளுக்கு யாராவது சொல்லவேண்டும். அது தானாக யாருக்கும் தெரியாது. கேள்விப்பட்டால்தான் தெரியும். உபதேசத்துக்கு அவ்வளவு அவசியம் உண்டு. அந்த நேசத்துக்குப் பதிலாக வருவதுதான் நடத்தை.

ஜூன் 6, பின்குறிப்பு

எத்தியோப்பிய மந்திரியை மறந்துவிட்டேன். ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசிக்கிறார். வாசிப்பது புரிகிறதா என்று பிலிப்பு கேட்க, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்கிறார். அவ்வளவு பெரிய அதிகாரி, வழியில் கண்ட ஒருவரை ஏறி உட்காரச் சொல்லிக் கேட்கிறார். வேதம் கையில் இருந்தது, ஆவியானவரும் அங்கே கிரியை செய்கிறார், ஆனாலும் பிலிப்பு தேவைப்பட்டார். ஆவியானவரே பிலிப்புவை அந்த ரதத்தோடு சேரச் சொல்லி அனுப்பினார். ஆவியானவர் போதிப்பார், ஆகவே மனிதர் வேண்டாம் என்று பேசுகிறவர்கள் அப்போஸ்தலர் 8-ஐ ஒருமுறை நிதானமாக வாசிக்கட்டும்.

ஜூன் 9

தம்பி திரும்ப எழுதியிருக்கிறான்: "அக்கா, என் பிரச்சினை கற்பித்த விதம். கேள்வி கேட்டால் அவிசுவாசம் என்றார்கள்."

எனக்கும் அது நடந்தது. எங்கே, யார் என்பது வேண்டாம். நோவாவின் பேழைக்கு வெளியே இருந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். "இப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை. பாடத்தை ஒப்புவித்தேன், நல்ல பெயர் வாங்கினேன், உள்ளே கேள்வி அப்படியே கிடந்தது. அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் இன்று ஒரு பிள்ளை அதைக் கேட்டால் நானும் கூடச் சேர்ந்து துக்கப்படுவேன். ஆதியாகமம் 6:6-இல் ஆண்டவரே மனம் நொந்தார் என்று இருப்பதைக் காட்டுவேன்.

லூக்கா 2:46-இல் பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? போதகர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, அவர்களை வினவிக்கொண்டிருந்தார். பெரோயா பட்டணத்தாரை ஏன் நற்குணசாலிகள் என்றார்கள்? பவுல் சொன்னது அப்படித்தானா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்ததால். அப்போஸ்தலன் பேச்சையே சரிபார்த்தவர்களுக்கு வேதம் கொடுத்த நற்சாட்சி இது. கேள்வியை அடைக்கிற வகுப்புக்கு வேதத்தில் ஆதாரம் தேடினால் கிடைக்காது.

பிள்ளைகள் கேட்பதில் எனக்குக் கிடைத்த ஆசீர்வாதம் கொஞ்சமல்ல. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்து, சத்திரக்காரனிடம் காசும் கொடுத்துப்போன நல்ல சமாரியன் கதை சொல்லி முடித்ததும் ஒரு சிறுமி கேட்டாள்: "டீச்சர், திரும்பி வரும்போது மிச்சத்தைத் தருகிறேன் என்றானே, வந்தானா?" கதை அங்கே நின்றுவிடுகிறது என்றேன். "வந்திருப்பான்" என்றாள், ரொம்ப உறுதியாக. அந்த மனிதனை அவளுக்கு அந்த அளவுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு வகுப்பில் இதற்கு மேல் நான் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை.

ஜூன் 10

அந்தச் சமாரியன் கதையை இயேசு எதற்குச் சொன்னார் என்பதையும் சேர்க்க வேண்டும். நியாயசாஸ்திரி ஒருவன், வேதச் சட்டம் கற்றவன், வருகிறான். நித்திய ஜீவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்கிறான். வேதத்தில் என்ன வாசிக்கிறாய் என்று இயேசு திருப்பிக் கேட்கிறார். தேவனிடத்தில் அன்பு, பிறனிடத்தில் அன்பு என்று பிசகில்லாமல் சொல்கிறான். இயேசுவும் ஒத்துக்கொள்கிறார், உடனே "அப்படியே செய், அப்பொழுது பிழைப்பாய்" என்கிறார். பாடம் தெரிந்தவன்தான் அவன். எனக்குப் பிறன் யார் என்று அடுத்த கேள்வி போட்டு எல்லைக் கோடு தேடுகிறான். கதை முடிந்து கடைசியில் அவனுக்குக் கிடைத்ததும் "நீயும் போய் அந்தப்படியே செய்" என்பதுதான்.

இதோடு மாற்கு 8-ஐ வைத்துப் படியுங்கள். அங்கே பேதுரு. "நீர் கிறிஸ்து" என்று சரியான பதில் சொல்கிறார். அடுத்த சில வசனங்களில் சிலுவைப் பேச்சை எடுத்ததும் இயேசுவையே கடிந்துகொள்ளத் தொடங்கி, "எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே" என்று கேட்டுக்கொள்கிறார். இதற்குச் சற்று முன்னால் பெத்சாயிதாவில் குருடன் ஒருவன் குணமாகிறான், ஒரே தொடுதலில் அல்ல. முதலில் மனிதர்கள் மரங்களைப்போல நடப்பதாகக் காண்கிறான். பிறகு இன்னொரு முறை கைவைத்த பின் தெளிவாகக் காண்கிறான். இப்படி இரண்டு கட்டமாகக் குணமான சம்பவம் மாற்கு மட்டுமே எழுதியது, சரியாகச் சீஷர்கள் உணராமல் இருந்ததற்கும் பேதுருவின் அறிக்கைக்கும் நடுவில் வைத்திருக்கிறார். பேதுருவும் அப்போது மரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றும்.

என் வகுப்பில் பதில் சொல்லத் தெரிந்தும் வாழ்க்கையில் தடுமாறுகிற பிள்ளையை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். இரண்டாம் தரம் கைவைக்கும்வரை யாரையும் தள்ளிவிட முடியாது.

ஜூன் 13

"படிப்பு அகந்தையைக் கொண்டுவரும், 1 கொரிந்தியர் 8:1" என்று ஒருவர். ஆம், "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்." மறுக்கவில்லை. ஆனால் இதை எழுதிய பவுல் அறிவை விட்டுவிடச் சொல்லவில்லை. அதே அதிகாரத்தில் பலவீனமான சகோதரனுக்காக அறிவை எப்படி உபயோகிப்பது என்று சொல்லித்தருகிறார்.

12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோவின் பெர்னார்து என்ற மடத்தலைவர் ஒரு பிரசங்கத்தில் இதைப் பிரித்துச் சொன்னார். அறியவேண்டும் என்பதற்காகவே அறிபவர்கள் உண்டு, அது வெறும் ஆவல். தான் அறியப்படவேண்டும் என்று கற்பவர்கள் உண்டு, அது வீண்பெருமை. விற்பதற்காகக் கற்பவர்களும் உண்டு. பிறரைக் கட்டியெழுப்பக் கற்பது அன்பு. தான் கட்டியெழுப்பப்படக் கற்பது விவேகம். புதிதாகக் கற்பிக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு, "இதில் நீங்கள் எது?" என்று நான் கேட்பதில்லை. என்னையே கேட்டுக்கொள்கிறேன். யாக்கோபு 3:1 போதகருக்கு அதிக ஆக்கினை என்று எச்சரிக்கிறது. அந்த வசனம் ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் என்னோடு இருக்கிறது.

ஜூன் 13, இரவு

இதோடு வட ஆப்பிரிக்காவின் ஆயர் அகுஸ்தீனும் ஞாபகம் வருகிறார். சுமார் 400ஆம் ஆண்டில் கார்த்தேஜிலிருந்து தேயோகிராத்தியாஸ் என்ற உதவிக்குரு அவரிடம் முறையிட்டார்: புதிதாக வருகிறவர்களுக்குச் சொன்னதையே சொல்லி எனக்கே சலித்துவிடுகிறது, என் பேச்சு எனக்கே பிடிக்கவில்லை. அகுஸ்தீன் பதிலாக ஒரு சிறு நூலே எழுதினார். என் பேச்சும் எனக்கு ஏறக்குறைய எப்போதும் அதிருப்திதான் என்று ஆரம்பிக்கிறார். பிறகு, நமக்குப் பழகிப்போன அழகான இடங்களை முதன்முதலாக வருகிற நண்பனுக்குக் காட்டும்போது அவன் வியப்பில் நமக்கும் அது புதிதாகிவிடுகிறது அல்லவா, கற்பிப்பதும் அப்படியே என்கிறார். கேட்கிறவனோடு அன்பில் ஒன்றானால் பழைய பாடம் புதிதாகும். கேட்பவர் களைத்துக் கொட்டாவி விட்டால் உட்கார இருக்கை கொடு என்பதுவரை எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய அறிஞர் கேட்பவனின் கால்வலியையும் நினைத்தார்.

அவரே இன்னொரு இடத்தில், வேதம் புரிந்துவிட்டதாக நினைத்தும் தேவனிடத்திலும் பிறனிடத்திலும் அன்பைக் கட்டியெழுப்பாதவனுக்கு அது இன்னும் புரியவில்லை என்கிறார். 1 தீமோத்தேயு 1:5 சொல்வதும் அதேதான்: கற்பனையின் பொருள் "அன்பே". தம்பி, "நேசித்தால் போதாதா" என்று நீ கேட்டதற்கு என் பதில் இங்கே இருக்கிறது. நேசம்தான் முடிவு. ஆனால் யாரை நேசிக்கிறோம் என்று தெரியாமல் நேசம் வளராது. அவர் எப்படிப்பட்டவர், எதற்குக் கோபப்படுவார், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று தெரியத் தெரியத்தான் நேசம் உருவம் எடுக்கும். இல்லாவிட்டால் நமக்குப் பிடித்த ஒருவரைக் கற்பனை செய்து அவருக்கு இயேசு என்று பெயர் வைத்துவிடுவோம்.

ஜூன் 17

மனப்பாடம் பற்றி இரண்டு பக்கமும் சண்டை நடக்கிறது. நான் மனப்பாடத்துக்கு ஆதரவு.

1528-இல் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் ஜெர்மனியின் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிடப் போனார். கிராமத்து ஜனங்களுக்கு விசுவாசத்தைப் பற்றி எதுவுமே தெரியவில்லை, பல போதகர்களுக்கே சொல்லித்தரத் தெரியவில்லை என்று நொந்துபோனார். அடுத்த வருஷம், 1529-இல், சிறிய ஞானோபதேசம் என்ற அவருடைய வினாவிடை நூல் வந்தது. குடும்பத்தலைவர் வீட்டாருக்குச் சொல்லித்தரும்படி எழுதியது அது. கொலை செய்யாதிருப்பாயாக என்பதற்கு அவர் தரும் விளக்கத்தைப் பாருங்கள்: பிறனுக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதோடு முடிவதில்லை, அவனுடைய சரீரத் தேவைகளிலெல்லாம் உதவி செய்யவும் வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை இதை மனப்பாடம் செய்தால் பொருள் பிறகு வளரும். இத்தனை எழுதிய லூத்தர், தானும் ஒரு பிள்ளையைப் போலத் தினமும் காலையில் பத்துக் கற்பனையையும் விசுவாசப்பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் வார்த்தை வார்த்தையாகச் சொல்வதாக எழுதியிருக்கிறார்.

1563-இல் ஜெர்மனியில் வந்த ஹைடல்பெர்க் வினாவிடையில் 129 கேள்விகள். முதல் கேள்வி: வாழ்விலும் சாவிலும் உனக்குள்ள ஒரே ஆறுதல் என்ன? நான் எனக்குச் சொந்தமல்ல, இயேசு கிறிஸ்துவுக்குச் சொந்தம் என்று பதில் ஆரம்பிக்கிறது. வினாவிடை என்றாலே உலர்ந்த விஷயம் என்கிறவர்கள் இந்த ஒரு கேள்வியோடு ஒரு வாரம் இருந்து பார்க்கலாம்.

ஜூன் 18

நேற்று எழுதியதன் மறுபக்கம்.

அப்பா படுக்கையில் இருந்த நாட்களில் எனக்கு ஜெபிக்கச் சொந்த வார்த்தை வரவில்லை. மனப்பாடம் செய்த வசனங்கள் வந்தன. எல்லாம் வாக்குத்தத்தங்கள். "நான் தாழ்ச்சியடையேன்." "பயப்படாதே." எல்லாம் உண்மை என்று தெரியும், ஆனால் அந்த அறையில் அவற்றைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. ஒரு ராத்திரி வேதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 13ஆம் சங்கீதம் கண்ணில் பட்டது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" இதைச் சொல்லலாமா? சங்கீதக்காரனே சொல்லியிருக்கிறான், நானும் சொன்னேன். அப்பா போகும்வரை அதுதான் என் ஜெபம்.

இத்தனை வருஷம் வகுப்பில் உட்கார்ந்திருந்தும் அந்தச் சங்கீதத்தை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சங்கீதப் புத்தகத்தில் புலம்பலுக்குக் குறைவே இல்லை. வகுப்பில் மட்டும் இல்லை. தம்பி, உனக்கு "ஒன்றும் மிச்சமில்லை" என்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று யோசிக்கிறேன். சந்தோஷமான நாளுக்குரிய வார்த்தைகளை மட்டும் உனக்குத் தந்து அனுப்பியிருப்பார்கள். கஷ்டம் வந்த நாளில் அது ஒத்துவராமல் எல்லாவற்றையும் சேர்த்து விட்டிருப்பாய்.

ஜூன் 21

தம்பியின் பதில்: "ஆமாம் அக்கா. அம்மா இறந்த வருஷம்தான் நான் நிறுத்தினேன்."

இதற்கு இங்கே பதில் எழுத மாட்டேன். தனியாகப் பேசுகிறேன்.

ஜூன் 23

கற்பிக்கத் தகுதி யாருக்கு என்று பேச்சு திரும்பியிருக்கிறது. அப்பொல்லோவைப் பாருங்கள். அலெக்சந்திரியா பட்டணத்தான், சாதுரியவான், வேதவாக்கியங்களில் வல்லவன். அவனுக்குத் தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விவரித்துக் காட்டியது கூடாரம் பண்ணுகிற பிரிஸ்கில்லாவும் ஆக்கில்லாவும். சபை நடுவில் எழுந்து திருத்தவில்லை, அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு சொன்னார்கள். அவனும் கேட்டுக்கொண்டான். தீமோத்தேயுவின் விசுவாசத்துக்குப் பின்னால் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் இருந்தார்கள். 1780-இல் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது அவர் குருவானவர் அல்ல, பத்திரிகை நடத்தியவர். வாரமெல்லாம் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு. அவர்களுக்கு முதலில் எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். வேதத்தைத் தானே வாசிக்கத் தெரிந்த பிள்ளையை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் வாசிக்கக் கற்பிப்பதை ஊழியம் என்பேன்.

ஜூன் 27

சிறு பிள்ளைகளுக்குப் புலம்பல் சங்கீதம் பயத்தை உண்டாக்காதா என்று கேட்டவருக்கு: சின்னவர்களுக்கு 13 போதும். ஆறே வசனம், கடைசி இரண்டும் நம்பிக்கையிலும் பாட்டிலும் முடிகிறது. முதல் இரண்டு வசனங்களை வாசித்துவிட்டு, நீங்கள் ஆண்டவரிடம் "எதுவரைக்கும்" என்று கேட்க விரும்புவது என்ன என்று ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன். எழுதத் தெரியாதவர்கள் வரையலாம். தாளை நான் வாங்கிப் படிப்பதில்லை. 88ஆம் சங்கீதத்தைத் திடப்படுத்தல் வகுப்புக்கு வைத்திருக்கிறேன், அது இருளில்தான் முடிகிறது, பதினைந்து வயதுக்காரர்களுக்கு அது புரியும். 13-இல் நம்பிக்கை தொடங்கும் ஐந்தாம் வசனத்துக்கு அவசரப்படாதீர்கள். ஒரு வாரம் இடைவெளி விட்டு வந்தாலும் சரிதான். இதை வேறு விதமாக நடத்தியவர்கள் இருந்தால் எழுதுங்கள், பதினொன்று பன்னிரண்டு வயதுக்கு எது ஒத்துவருகிறது என்று எனக்குத் தெரியவேண்டும்.